இணைப்பு: பதினேழு

"எத்தனை இணைப்பு?" என்று கேட்டார் பதிவுப் பிரிவு மேடம், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மூணு" என்றார் நகல் சார்.

மேடத்தின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. "மூணா? ஒரே வீட்டுலயா?"

"ஒரே வீட்டுலதாம்மா. நேத்து சாயந்திரமே உக்காந்து சரிபார்த்து, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பின் அடிச்சு வெச்சுட்டேன்."

"பின் அடிச்சீங்களா? மழை பெஞ்சா என்ன சார் பண்ணுவீங்க?"

"அதுக்குத்தான் பிளாஸ்டிக் கவர்."

மேடம் அப்போதுதான் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். தகரக் கொட்டகையில் சோலார் பேனல் வைத்தவர்களை அவர் பார்த்திருக்கிறார், கார் கூரையில் வைத்தவரைப் பார்த்திருக்கிறார், தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று சண்டைக்கு வந்தவரைக்கூடப் பார்த்திருக்கிறார். பின் அடித்துப் பிளாஸ்டிக் கவரில் வைத்த ஆளை இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் என்ன செய்ய? நகல் சாருக்குப் பின்னால் நின்ற வரிசையின் வால் பக்கத்துத் தெருவில் கிடந்தது. மின்விசிறி சுற்றிய வேகத்தில், ஒரு சிலந்தி அதன் இறக்கையில் கூடு கட்டிப் பிள்ளை பெற்று, பிள்ளைகளும் தனிக்குடித்தனம் போயிருந்தன. மேடம் பெருமூச்சு விட்டு, 'இணைப்பு' என்ற கட்டத்தில் '3' என்று தட்டி, ரசீதில் முத்திரை குத்தி நீட்டினார்.

தவறு நகல் சாருடையதும் அல்ல, மேடத்துடையதும் அல்ல. நகல் சார் முப்பத்தாறு வருஷம் ஓர் அலுவலகத்தில் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவர். கடிதம் என்றால் மேலே அனுப்புநர், பெறுநர், நடுவே பொருள், பார்வை, கடைசியில் கையொப்பம், அதற்கும் கீழே இடது ஓரத்தில், கூட வைத்திருக்கும் தாள்களின் எண்ணிக்கை - 'இணைப்பு: இத்தனை'. அதற்கும் கீழே 'நகல்: இன்னார்'. எதற்கும் ஒரு நகல் எடுத்து வைப்பதால்தான் அந்தப் பெயர். நிச்சயமானபின் வருங்கால மனைவிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே 'இணைப்பு: புகைப்படம் ஒன்று. நகல்: தங்கள் தந்தையார்' என்று போட்ட மனிதர். மேடம் வேலை பார்ப்பதோ மின்சார அலுவலகம். அங்கே இணைப்பு என்றால் கம்பி. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எதுவானாலும் அங்கே இணைப்பு என்றால் கம்பிதான்.

நகல் சார் ரசீதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பதிஞ்சாச்சு!"

"சரி, கால் கழுவிட்டு வாங்க. தூசியோட முட்டை ரூமுக்குள்ள வராதீங்க" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

முட்டை ரூம் என்பது அந்த வீட்டின் பின்கட்டு அறை. அதற்குள் ஒரு பீரோ அளவுக்கு முட்டை பொரிக்கும் மெஷின். ஒரு தடவைக்கு முந்நூறு முட்டை. இருபத்தோரு நாள் ஒரே சூட்டில் வைத்திருந்தால் முந்நூறும் கோழிக்குஞ்சு. நடுவில் அரை நாள் சூடு விட்டுப் போனால் முந்நூறும் குப்பை. மனைவி அந்த மெஷினைப் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தாள். சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட இப்படி மணிக்கொரு தரம் சூடு பார்த்ததில்லை என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

அந்த மெஷினுக்காகத்தான் பேனல். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற கையோடு, நகல் சார் தாமே முன்னின்று மாடியில் இரண்டு சோலார் பேனல் வைத்தார். மாட்டிக் கொடுத்தவர் டெஸ்டர். அந்த எலக்ட்ரீஷியனுக்குக் காதில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். தூங்கும்போதாவது எடுப்பாரா என்பது அவர் மனைவிக்கே சந்தேகம். பேனலிலிருந்து வயருக்கென்று ஒரு பிளாஸ்டிக் குழாய் சுவரோடு இறங்கி முட்டை ரூமுக்குள் போகும். அங்கே ஒரு இன்வெர்ட்டர் பெட்டி, அதில் ஒரு பச்சை விளக்கு. அந்தப் பச்சை விளக்கைப் பார்க்கிறபோதெல்லாம் சூரியனே தம் வீட்டில் வேலைக்கு இருப்பதுபோல நகல் சார் தோளை விரித்துக்கொள்வார்.

முதல் மழைக்காலத்தில் மட்டும் ஒரு தடவை தப்பிப் போயிற்று. நாலு நாள் தொடர்ந்து மேகம். முந்நூறு முட்டையும் வீண். மனைவி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அன்றிலிருந்து நகல் சார் ஒரு விரதம் எடுத்தார்: தினமும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாடி ஏறிப் பேனலைத் துடைப்பது. காக்கை உட்கார்ந்தால் துரத்துவார், பறக்கிற காக்கையின் நிழல் விழுந்தாலும் துடைப்பார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்ச நாளிலேயே எல்லாம் சரியாகிவிட்டது. போன வருஷத்திலிருந்து மழையோ மேகமோ, ஒரு முட்டை பழுதில்லை.

"பாத்தியா, சூரியன் வேலையை?" என்பார்.

"ஆமாமா, நல்லாத்தான் வேலை செய்யுது" என்பாள், தலையைத் தூக்காமல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உத்தரவு வந்தது: வீட்டில் சோலார் வைத்திருக்கிற எல்லோரும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் வயர் கழற்றப்பட்டு, அரக்கு வைத்து சீல் வைக்கப்படும். மெஷினில் புதிதாக முந்நூறு முட்டை வைத்து அது இரண்டாம் நாள். நகல் சார் அன்றே கடிதம் எழுதி, மறுநாள் வரிசையில் நின்று பதிந்தும்விட்டார்.

ஏழாம் நாள் ஒரு கடிதம் வந்தது.

'தங்கள் இல்லத்தில் மூன்று சோலார் இணைப்புகள் உள்ளதாகத் தாங்களே தெரிவித்துள்ளீர்கள். விதிப்படி இல்லம் ஒன்றுக்கு இணைப்பு ஒன்றே. உரிய விளக்கம் அளிக்கவும்.'

நகல் சார் மாடிக்கு ஓடினார். இரண்டு பேனல், ஒரு குழாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். அதே இரண்டு, அதே ஒன்று. இறங்கி வரும்போது ஏழாவது படியில் மூளைக்குள் பல்ப் எரிந்தது.

"அட, இணைப்புன்னு நான் சொன்னது தாளை! வரி ரசீது, அடையாள அட்டை, பேனல் போட்டோ. மூணு தாள். அந்தம்மா கம்பின்னு நினைச்சுட்டாங்க!"

"நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடுங்களேன்" என்றாள் மனைவி.

"வாய்ல சொன்னா காத்துல போயிடும். எழுத்துல இருக்கணும்."

உட்கார்ந்தார். மூன்று பக்கம். இணைப்பு என்ற சொல்லுக்கு என்னென்ன பொருள் என்று பிரித்துப் பிரித்து, அகராதி எழுதியவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும்படி விளக்கி, தம் வீட்டில் மின் இணைப்பு ஒன்றே ஒன்றுதான் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். அதோடு பேனாவை மூடியிருக்கலாம். முப்பத்தாறு வருஷப் பழக்கம் கையைப் பிடித்து இடது ஓரத்துக்கு இழுத்தது. இந்தத் தடவை கூட வைக்கத் தாள் எதுவும் இல்லை. ஆகவே எழுதினார்:

'இணைப்பு: இல்லை.'

"கீழ என்னமோ எழுதறீங்களே, அது வேணுமா?" என்றாள் மனைவி.

"அது இல்லாட்டி லெட்டர் மொட்டையா இருக்கும்."

மூன்று பக்கக் கடிதம் கிடைத்தால் எந்த அலுவலகத்திலும் முதலில் படிப்பது கடைசி வரியைத்தான். அதையும் படித்துவிட்டால் மேலே போவானேன்? பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது.

'இணைப்பு இல்லை எனத் தாங்களே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டதால் தங்கள் பதிவு ரத்து செய்யப்படுகிறது. பதிவற்ற பேனல்களின் வயர் வரும் வியாழக்கிழமை கழற்றப்பட்டு சீல் வைக்கப்படும்.'

நகல் சார் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினார். வியாழக்கிழமை பத்தொன்பதாம் நாள். முட்டைக்குள் மூக்கு முளைத்து, கதவைத் தட்டலாமா இன்னும் கொஞ்சம் தூங்கலாமா என்று ஒவ்வொரு குஞ்சும் யோசித்துக்கொண்டிருக்கும் நாள். இன்னும் இரண்டே நாளில் வெளியே வர வேண்டியவை.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் மெஷினின் கண்ணாடிக் கதவைத் துடைத்தபடி, "வெச்சா வெச்சுட்டுப் போறாங்க. நீங்க டீ ஆறுறதுக்குள்ள குடிங்க" என்றாள்.

நகல் சார் உருகிப் போனார். என்ன மனசு! முந்நூறு உயிர் போகப்போகிறது, புருஷன் மனசு நோகக்கூடாதென்று டீயைப் பற்றிப் பேசுகிறாளே! கதவுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது பேனல் துடைக்கிற துணி என்பது, மின்சார அலுவலகத்தில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தபோதுதான் தெரிந்தது.

"சார், நீங்கதானே எழுதியிருக்கீங்க இணைப்பு இல்லைன்னு?" என்றார் மேடம்.

"அது வேற இணைப்பும்மா. காகித இணைப்பு."

"காகிதத்துல எப்படி சார் கரண்ட் வரும்?"

"வராதும்மா!"

"அப்ப இல்லைன்னுதானே அர்த்தம்?"

"இருக்கு! கரண்ட் இணைப்பு இருக்கு. காகித இணைப்புதான் இல்லை. மொதல் லெட்டர்ல காகித இணைப்பு மூணு, கரண்ட் இணைப்பு ஒண்ணு."

"மொத்தம் நாலு."

நகல் சார் கவுன்ட்டரின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசையில் பின்னால் நின்றவர், "பெரியவரே, மூணா நாலா, சீக்கிரம் முடிவு பண்ணுங்க. எனக்கு ஒண்ணுதான், சட்டுனு முடிச்சுட்டுப் போயிடறேன்" என்றார்.

மேடம் நல்லவர். கறுப்பு முகத்தோடு நின்ற அந்த மனிதரைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது.

"ஒண்ணு பண்ணுங்க சார். ஆதாரம் எல்லாத்தையும் வெச்சு, நல்லா விவரமா ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நான் மேலிடத்துக்கு அனுப்பிடறேன்."

நகல் சாரிடம் விவரமாக எழுதச் சொல்வது, சர்க்கரை வியாதிக்காரரை மிட்டாய்க் கடையில் காவலுக்கு வைப்பது மாதிரி. அன்று மதியம் தொடங்கியவர் சாயந்திரம்வரை எழுந்திருக்கவில்லை. பதினோரு பக்கம். கூட வைத்த தாள்கள்: பேனலின் போட்டோ, பேனலோடு தம் போட்டோ, குழாயின் போட்டோ, மெஷினின் போட்டோ, முட்டைகளின் குழுப் படம், மனைவி முட்டையோடு இருக்கும் படம், இதுவரை தாம் எழுதிய கடிதங்களின் நகல், அவர்கள் எழுதியவற்றின் நகல், அந்த நகல்களைத் தாம் வைத்திருப்பதற்கு அத்தாட்சியாக அவற்றின் நகல்... எண்ணிப் பார்த்தால் பதினேழு.

பேனா கடைசி வரிக்கு வந்தது. வேண்டாம் என்றது மூளை. பதினேழு தாள் வைத்திருக்கிறாயே, வழியில் ஒன்று விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்றது முப்பத்தாறு வருஷம். இரண்டுக்கும் நடுவே ஒரு சமாதானம் செய்துகொண்டார். இந்தத் தடவை யாருக்கும் குழப்பமே வரக்கூடாது. தெள்ளத் தெளிவாக எழுதினார்:

'இணைப்பு (மின்சார அலுவலகம் கொடுப்பது அல்ல, நானே கொடுப்பது): பதினேழு. நகல்: மேலிடம்.'

பதினாறாம் நாள் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்தார். கையில் ஒரு கடிதம், கேரியரில் ஒரு தகரப் பலகை. பலகையில் ஒரு மண்டையோடு. அதற்குக் கீழே குறுக்காக இரண்டு எலும்பு.

"இது எதுக்குப்பா?"

"வாசல்ல மாட்டணுமாம் சார். மின்நிலையம்னா இது கட்டாயம். மணல் வாளி நாலு நீங்களே வாங்கி வெச்சுக்கணுமாம். காவலுக்கு ஒரு ஆளும் போடணுமாம்."

"எந்த மின்நிலையம்?"

"உங்க மின்நிலையந்தான் சார்."

கடிதத்தைப் பிரித்தார். 'தாங்களே பதினேழு இணைப்புகள் கொடுத்துவருவதாகத் தாங்களே தெரிவித்துள்ளீர்கள். இது அனுமதியற்ற தனியார் மின்நிலையம் ஆகும். வியாழக்கிழமை அதிகாரி நேரில் வந்து, பேனலை நிறுவிய எலக்ட்ரீஷியனைக் கொண்டே வயரைக் கழற்றுவார்.'

மண்டையோட்டுப் பலகை வாசலில் ஏறிய அரை மணி நேரத்தில் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. எதிர்வீட்டு டெய்லர் மட்டும் போகவில்லை.

"சார், பதினேழு பேருக்குக் குடுத்திருக்கீங்களாம். பதினெட்டாவதா என்னையும் சேத்துக்குங்க. ரெண்டே ரெண்டு தையல் மெஷின்தான்."

"டெய்லர், சத்தியமா என்கிட்ட ஒண்ணுமில்ல."

"ஊருக்கே விளக்கு எரியுது, எதிர்வீட்டுக்கு மட்டும் ஒண்ணுமில்லையா? பரவாயில்ல சார், மனுஷங்களைப் புரிஞ்சுக்கிட்டேன்."

அந்த வாரம் நகல் சாருக்குத் தைத்து வந்த பேன்ட் இரண்டும் முழங்காலோடு நின்றன.

புதன்கிழமை மனைவி குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, முட்டை ரூமில் ஒரு மலையே எழும்பியிருந்தது. வீட்டிலுள்ள கம்பளி, போர்வை, சுவெட்டர், பிள்ளைகளின் பழைய மப்ளர் எல்லாம் அங்கே. சுற்றிலும் வெந்நீர்ப் பாட்டில்கள். நடுவில் நகல் சார்.

"என்னங்க பண்றீங்க?"

"நாளைக்கு வயரைக் கழட்டிட்டாங்கன்னா, மெஷின்லேர்ந்து முட்டையை எடுத்து இதுக்குள்ள வெச்சுடலாம். சூடு பத்தலைன்னா..." ஒரு போர்வையைத் தட்டிச் சரிசெய்தார். "பத்தலைன்னா நானே அடை உக்காந்துடறேன்."

"முந்நூறு முட்டை மேலயா? எந்திரிங்க மொதல்ல. ஆம்லெட் ஆயிடும்."

அவர் எழுந்திருக்கவில்லை. மனைவி ஈரத்தலையோடு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மப்ளரின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லாத!" என்று கையைத் தூக்கினார் நகல் சார். "நீ ஆறுதல் சொன்னா நான் உடைஞ்சு போயிடுவேன்."

"ஆறுதல் இல்லைங்க. அந்தப் பேனல்..."

"பேனலைப் பத்திப் பேசாத! ரெண்டு வருஷமா மூணு வேளை துடைச்சேன். என் கையாலயே அதுக்கு சீல் வாங்கிக் குடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார், துடைக்க. மனைவி மேலே பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். பதினேழு இணைப்பைக் கண்ணால் பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்று மேடமும் கூடவே வந்திருந்தார். அரக்கும் மெழுகுவத்தியுமாக ஒருவர். கடைசியாக, காதில் டெஸ்டரோடு டெஸ்டர்.

அவரைக் கண்டதும் மனைவிக்கு முகம் மாறியது. "இவரு எதுக்கு சார்? வேற எலக்ட்ரீஷியன் யாரும் கிடைக்கலையா?"

"மாட்டினவரே கழட்டணும்மா. ரூல்" என்றார் அதிகாரி.

கையால் வைத்த பேனலைக் கையாலேயே பிடுங்க வந்துவிட்டானே என்று அவளுக்கு வருத்தம் என்று நகல் சார் நினைத்துக்கொண்டார். டெஸ்டரோ ஒன்றும் புரியாதவராக எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பைச் சிரித்து வைத்தார்.

"எங்க சார் அந்தப் பதினேழு?" என்றார் அதிகாரி.

நகல் சார் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். மூன்று கடிதங்களின் நகலும் வரிசையாக இருந்தன. அதிகாரி முதல் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தார். இரண்டாவதின் கடைசி வரியைப் படித்தார். மூன்றாவதுக்கு வந்தபோது அவர் தோள் லேசாகக் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு நாற்காலி குலுங்கியது. அரக்குக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"மேடம், இது தாளும்மா! கம்பி இல்ல, தாளு!"

மேடம் எட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் முதல்முறையாக அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது அவருக்குத் தெரிந்தது. "அய்யய்யோ, அப்ப போன வருஷம் ஒரு ஸ்கூல்காரங்க நாப்பத்தஞ்சு இணைப்புன்னு..." என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டார்.

நகல் சாருக்கு உயிர் வந்தது. "அப்ப சீல் வேண்டாமே சார்?"

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார், எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா மேலிடத்துல மின்நிலையம்னு ஏறிடுச்சே. அதை இறக்க ஒரு வாரமாவது ஆகும். இன்னைக்கு வயரைக் கழட்டினதா நான் எழுதியாகணும். இல்லைன்னா என் வேலைக்கு யாராவது சீல் வெச்சுடுவாங்க."

வந்த உயிர் மறுபடி போயிற்று. நகல் சார் அதிகாரியின் கையைப் பிடித்து முட்டை ரூமுக்குள் அழைத்துப் போனார். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். மெஷினின் கண்ணாடிக்குப் பின்னால் முந்நூறு முட்டை. ஏதோ ஒன்றுக்குள்ளிருந்து, நகம் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். பிறகு ஒரு சின்னக் கீச்.

மேடம் கண்ணாடியில் காதை வைத்தார். "சார், கூப்பிடுது சார்" என்றார் மெல்ல.

"ரெண்டே நாள் சார்" என்றார் நகல் சார். "சனிக்கிழமை எல்லாம் வெளிய வந்துடும். அப்புறம் பேனலைக் கழட்டுங்க, மெஷினைக் கழட்டுங்க, என்னையே வேணாலும் கழட்டிக்கிட்டுப் போங்க. இதுங்க என்ன சார் பண்ணுச்சு? இதுங்களா லெட்டர் எழுதுச்சு?"

அதிகாரி கழுத்தைத் தடவிக்கொண்டார். சுவரைப் பார்த்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். "சீல் வேணும்னா சனிக்கிழமை வெச்சுக்கறேன். வயரை இன்னைக்குக் கழட்டித்தான் சார் ஆகணும். மன்னிச்சுக்குங்க. டெஸ்டர், மேல போய் வயரைக் கழட்டுப்பா."

டெஸ்டர் தலையைச் சொறிந்தார். "வயரையா? அக்கா..." என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ மொதல்ல டீ குடிப்பா" என்றாள் மனைவி அவசரமாக. "வெயில்ல வந்திருக்கே. பிஸ்கட் இருக்கு, உக்காரு."

"நான் இப்பதான் குடிச்சுட்டு..."

"இன்னொண்ணு குடி!"

"வேலையை முடிச்சுட்டுக் குடிக்கட்டும்மா" என்றார் அதிகாரி.

அதற்குள் நகல் சார் ஓடிப்போய் மாடிப்படியின் முதல் படியில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். டெய்லர் தைத்த முழங்கால் பேன்ட்டோடு, அந்த வாசலில் தொங்கிய மண்டையோட்டைவிடப் பயங்கரமாக இருந்தார். "என்னைத் தாண்டித்தான் போகணும்!"

"சார், சின்னப் புள்ளையாட்டம் பண்ணாதீங்க" என்று கெஞ்சினார் மேடம். "வேணும்னா எல்லா முட்டையையும் எங்க ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிடலாமா? அங்க எப்பவும் கொதிக்கும்."

டெஸ்டர் யாரோடும் சண்டைக்குப் போகாத ஆள். சுற்றுச்சுவர் மேல் ஏறி, ஜன்னல் சட்டத்தில் கால் வைத்து, இரண்டே எட்டில் மாடிக்குப் போய்விட்டார்.

நகல் சாரின் விரிந்த கைகள் மெல்ல இறங்கின. படியிலேயே உட்கார்ந்தார். மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் காலைப் பார்த்துத்தான் பேசினார்.

"என்னை மன்னிச்சுடும்மா. ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு முந்நூறு உசிரைக் கொன்னுட்டேன். நீ அன்னைலேர்ந்து ஒரு சுடுசொல் சொல்லலை. வெச்சா வெச்சுட்டுப் போறாங்கன்னு சிரிச்சுக்கிட்டே தாங்கிக்கிட்டே. உன்ன மாதிரி ஒரு..."

"போதுங்க, நீங்க உள்ள வாங்களேன்" என்றாள் மனைவி, கண்ணை மாடியிலிருந்து எடுக்காமல். "எல்லாரும் உள்ள வாங்க. சார், மேடம், நீங்களும் வாங்க. டீ ஆறுது."

யாரும் நகரவில்லை. அரக்குக்காரர்கூட மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மாடியில் குழாயைத் தட்டும் சத்தம் கேட்டது. அதன் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு கைப்பிடிச் சுவருக்கு மேலே டெஸ்டரின் தலை எட்டிப் பார்த்தது.

"அக்கா, இந்தக் குழாய்க்குள்ள வயர் ஏதுக்கா? போன வருஷம் சார் ஊர்ல இல்லாதப்ப நீங்க சொல்லித்தானே மெஷினையும் பச்சை விளக்கையும் லைன் கரண்ட்டுக்கு மாத்திட்டு மொத்தத்தையும் உருவி எடுத்தேன்!"